கனெக்டிங் ராடு பிழைக்கட்டும்

கேள்வி: பெரியப்பா ஓட்டிய 1950களின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கொட்டகையில் நின்ற வண்டி. இடது பக்கம் பிளக் இல்லை. யாரோ துளையில் துணியை அடைத்துவைத்திருந்தார்கள். கிக்கர் இம்மியும் அசையவில்லை. என்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். இரண்டு பிஸ்டன்களும், அவை ஓடும் உருளையான பேரலின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 30 மி.மீ. கீழே நிற்கின்றன. வலது பக்கம் ஓரளவு சுத்தம். இடது பக்கம் முழுக்கத் துரு. நான்கு நாள் டீசல் ஊற்றிவைத்துவிட்டு, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பலனில்லை. பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது சுழலும் தண்டான கிராங்கின் நட்டில் நீளக் குழாய் மாட்டித் திருப்பு என்கிறார் ஒரு நண்பர். காஸ் விளக்கால் சூடாக்கு என்கிறார் இன்னொருவர். பிஸ்டனுக்குச் சேதம் வராமல் பிரிக்க என்ன வழி?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, பிஸ்டன்கள் 30 மி.மீ. கீழே நிற்கின்றன என்பது. பிடிக்காத வரி, பிஸ்டனுக்குச் சேதம் வராமல் என்பது. பிடிக்காததை முதலில் பேசிவிடுவோம்.

இருபது ஆண்டுகள் துருவோடு ஒட்டிக்கிடந்த பிஸ்டனை மறுபடியும் என்ஜினில் போட்டு ஓட்டப்போவதில்லை. அது முழுசாக வெளியே வந்தாலும் அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும். புது பிஸ்டன் கிடைக்கும். பேரலில் பள்ளம் விழுந்திருந்தால் ரீபோர் செய்யலாம், அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கலாம். அதற்கும் மிஞ்சினால் உள்ளே புது உருளை செருகி ஸ்லீவ் அடிக்கலாம். ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்தால், கிராங்க் சுழலும் பெட்டியான கிராங்க்கேஸின் வாய் விரிசல் விட்டால், கிராங்க் முனையின் மரை போனால், அந்த வண்டியோடு பிறந்த பாகம் போய்விடும். ஆகவே எதை இழக்கலாம் என்பதை வேலை தொடங்கும் முன்பே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: முதலில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், அடுத்து பிஸ்டன், அதற்கடுத்து பேரலின் உட்சுவர். ராடும் கிராங்கும் கேஸும் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்த வரிசையிலிருந்து வருவதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் பழகிய காலத்தில் ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தது. பிஸ்டன் உச்சியில், நாங்கள் 'டாப்' என்று சொல்லும் இடத்தில், இறுகி நின்றது. பெரியவர் வெளியே போயிருந்த நேரம். அவர் திரும்பி வருவதற்குள் எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பில் கட்டையை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒரு மணி நேர அடிக்குப் பிறகு பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கூட நகரவில்லை. பிறகு பெரியவர் வந்து பத்து நாள் ஊறவைத்து எடுத்தார். வண்டி ஓடியது. சில நூறு கிலோமீட்டரில் அடியிலிருந்து உருட்டல் சத்தத்தோடு திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் ராடின் பெரிய முனையில் உள்ள ரோலர்கள் உட்காரும் பாதையில் வரிசையாகக் குழிகள். நான் அடித்த ஒவ்வொரு அடியும் நேராக அங்கே போய்த்தான் இறங்கியிருக்கிறது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பாதையில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார், அவ்வளவுதான்.

உங்கள் 30 மி.மீ. எனக்கு ஏன் பிடித்தது என்பது இப்போது புரிந்திருக்கும். பிஸ்டன் சரியாக உச்சியிலோ அடியிலோ நின்றால் பிஸ்டனும் ராடும் கிராங்க் பின்னும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் சுழலாது. அழுத்தம் முழுவதையும் பேரிங்குகள்தான் தாங்க வேண்டும். உங்கள் என்ஜின் 71 மி.மீ. போர் (உருளையின் உள்விட்டம்), 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள வகையாக இருந்தால், 30 மி.மீ. இறக்கத்தில் கிராங்க் உச்சியிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி திரும்பி நிற்கிறது. ராடு சாய்ந்திருக்கிறது. பிஸ்டனைக் கீழே தள்ளினால் கிராங்க் சுழன்று வழிவிடும். இதைவிட வசதியான இடத்தில் ஓர் என்ஜின் இறுகிக்கொள்ள முடியாது.

இரண்டு பிஸ்டன்களும் ஒரே ஆழத்தில் இருப்பதும் தற்செயல் இல்லை. 1937இல் எட்வர்டு டர்னரின் ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் வெளிவந்ததிலிருந்து அந்தக் கால பிரிட்டிஷ் இரட்டைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் ஓடியவை: இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றதும் நின்றுவிடும். உங்கள் விஷயத்தில் குற்றவாளி இடதுதான். பிளக் இல்லாத துளை வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது. அடைத்த துணி அதைத் தடுக்கவில்லை; விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல ஈரத்தை உறிஞ்சி உள்ளே சொட்டவிட்டிருக்கும். வலது பிஸ்டன் கூட்டாளிக்காகச் சிறையில் இருக்கிறது. அதன் மேல் சுத்தியல் வைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. இறுகியது பிஸ்டன்தான் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். நான் இன்னும் கட்டவில்லை. கிக்கர் அசையாததற்குக் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டு கியர்பெட்டி உள்ளே துருப்பிடித்ததும் காரணமாக இருக்கலாம். கிராங்கின் மெயின் பேரிங்கில் தண்ணீர் தேங்கியதும் காரணமாக இருக்கலாம். பிரைமரி செயினைக் கழற்றிவிடுங்கள். கியர்பெட்டிக்கும் என்ஜினுக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்தது. பிறகு அடியிலுள்ள எண்ணெய் வடிகால் போல்ட்டைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். கறுத்த பழைய எண்ணெய் வந்தால் நல்ல சகுனம். முதலில் தண்ணீர் வந்து, பின்னால் காவி நிறக் குழம்பு வந்தால், அடிப்பகுதியும் துருவில் ஊறியிருக்கிறது என்று பொருள். அப்போது பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் கேஸுக்குள்ளும் எண்ணெய் போக வேண்டும்.

அடுத்து, கிராங்க் நட்டில் ஓர் அடி நீள ஸ்பானரை மாட்டி, இரண்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். திருப்பச் சொல்லவில்லை, ஆட்டத்தான் சொல்கிறேன். ராடின் இரு முனைகளிலும் எண்ணெய்ப் படலத்துக்கென்று விட்ட இடைவெளி உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் கிராங்க் சுதந்திரமாக இருந்தால் ஸ்பானரின் நுனியில் அது அரை மில்லிமீட்டர் அசைவாகப் பெருகி, 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். அந்த 'டிக்' கேட்டால் பேரிங்குகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. கல்லைப் பிடித்ததுபோல இருந்தால் சந்தேகம்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு சோதனை இருக்கிறது. உங்கள் பிஸ்டன்கள் உச்சிக்கு 30 மி.மீ. கீழே இருப்பதால் மட்டுமே இது முடியும். பேரலை கேஸோடு பிடித்திருக்கும் அடி நட்டுகளைக் கழற்றுங்கள். வால்வுகளைத் தூக்கும் டேப்பெட்கள் பேரலிலேயே தொங்கும் வகையாக இருந்தால் அவை உள்ளே விழாதபடி இறுக்கமான ரப்பர் வளையம் போட்டு நிறுத்துங்கள். ரப்பர் சுத்தியலால் பேரலின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் மெல்லத் தட்டி, ஒட்டிய கேஸ்கெட்டை விடுவியுங்கள். இப்போது ஒருவர் பேரலை நேராக மேலே தூக்கட்டும். பிஸ்டன்கள் பேரலில் ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே ஏறும். ராடுகள் கிராங்கை இழுத்துச் சுழற்றும். பேரல் 30 மி.மீ. வரை எழும்பிவந்தால் கிராங்க் சுழல்கிறது, இறுகியிருப்பது பிஸ்டன் மட்டுமே என்பது ஐயமற உறுதி. பேரல் எழும்பவில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு, கேஸுக்குள் எண்ணெய் நிரப்பி, பேரிங்குகளை முதலில் கவனியுங்கள்.

அந்த 30 மி.மீ. இடைவெளி கிடைத்ததும் உடனே மூடிவிடாதீர்கள். இருபுறமும் ஒரே உயரத்தில் மரத்துண்டுகளைச் செருகி, டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியைச் சரித்துவைத்துக் கீழிருந்து பாருங்கள். பிஸ்டனுக்குக் கீழே பேரலின் உட்சுவர் மங்கலான எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால், துரு மேலே மட்டும்தான். பிஸ்டனை அந்தச் சுத்தமான பாதையில் கீழ்நோக்கி அனுப்ப வேண்டும். மேலே இழுப்பதென்றால் துருப்பிடித்த சுவரை உரசிக்கொண்டுதான் வர வேண்டும். கீழிருந்தும் ஊடுருவும் எண்ணெயைப் பீச்சியடிக்க இந்த இடைவெளி உதவும். பிறகு பேரலை இறக்கி நட்டுகளைப் போட்டுவிடுங்கள்.

இனி மேல்பக்கம். பிஸ்டனுக்கு மேலே தெரியும் சுவரில் உள்ள துருவை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. துருவின் மேலேயே எண்ணெயை ஊற்றிவிட்டு அது ஏன் இறங்கவில்லை என்று காத்திருப்பார்கள். பிஸ்டன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள கோட்டில் துருத்தூள் சேறாக அடைத்துக்கொண்டால் எண்ணெய் எப்படி நுழையும்? நுண்ணிய எமரித்தாளை விரலில் சுற்றி, எண்ணெயில் நனைத்து, சுற்றுவாக்கில் தேயுங்கள். அந்தக் கோட்டை மெல்லிய பித்தளைத் தகட்டால் கீறிவிடுங்கள். தூள் முழுவதையும் உறிஞ்சி எடுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவினால் மிச்சம் வரும். பழைய கேஸ்கெட் துணுக்குகளைச் சுரண்டும்போது உலர்வாகச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடு துடைத்து எறியுங்கள்.

டீசல் தவறில்லை, ஆனால் மந்தம். நான் ஊற்றுவது, ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளுக்கான எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகக் கலக்காது. தயிரும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கி உடனே ஊற்ற வேண்டும். அசிட்டோன் மெல்லியது, எண்ணெயை இடுக்குக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டு ஆவியாகிவிடும். ஆகவே வாயை மூடிவையுங்கள். வண்ணப்பூச்சின் மேல் சிந்தாதீர்கள். அந்த அறையில் தீக்குச்சி கூடாது. கோலா பானம் ஊற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை; கூடவே தண்ணீரும் சர்க்கரையும் இருக்கின்றன. ஈரத்தால் இறுகியதை ஈரம் ஊற்றித் திறக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஊற்றிவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பிஸ்டனின் மேலும் ஒரு விரற்கடை உயரம் ஊற்றி, தினமும் ஒரே நேரத்தில் ஓர் எஃகு அளவுகோலை நட்டுவைத்து அளவைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவையுங்கள். அசிட்டோன் ஆவியாவதால் முதல் நாள் இரண்டு பக்கமும் குறையும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் வெறும் எண்ணெயாக நிற்கும்போது, வலதில் 2 மி.மீ. குறைந்து இடதில் அப்படியே நின்றால், இடது ரிங்குகளை எண்ணெய் இன்னும் தாண்டவில்லை. இடதிலும் மட்டம் இறங்கத் தொடங்கும் நாள்தான் உங்களுக்கு நல்ல நாள். அது ஐந்தாம் நாளும் வரலாம், ஐந்தாம் வாரமும் வரலாம். என்ஜின் சட்டத்தில் இல்லை என்பதால் ஒரு வாரம் நேராகவும் ஒரு வாரம் தலைகீழாகவும் வைக்கலாம். தலைகீழாக வைக்கும்போது கேஸின் அடித்தட்டுத் துளை வழியாக ஊற்றினால் பிஸ்டனின் உட்புறத்திலிருந்து, அதன் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டைச் சுற்றி எண்ணெய் இறங்கும்.

சூடாக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். உங்கள் 71 மி.மீ. போரை 100 டிகிரி சூடேற்றினால் இரும்பு பேரல் 0.08 மி.மீ. விரியும், அதே சூட்டுக்கு பிஸ்டனும் வந்துவிட்டால் அது 0.15 மி.மீ. விரியும். அதாவது எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கினால், பிடி தளர்வதற்குப் பதிலாக இறுகும். காஸ் விளக்கை நேராக பிஸ்டன் மேல் பிடிப்பது இதைவிட மோசம். பேரலை மட்டும் வெளியிலிருந்து சூடாக்கி, பிஸ்டனைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஊறல் எண்ணெயை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அசிட்டோன் பாட்டிலையும் நனைந்த துணிகளையும் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் தொடங்குங்கள். பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி பிஸ்டனின் உச்சியில் வையுங்கள். ஹாட் ஏர் கன்னால் பேரலின் விலாப்பட்டைகளைச் சுற்றிச் சுற்றி, ஒரே இடத்தில் நிற்காமல், கால் மணி நேரம் சூடேற்றுங்கள். காஸ் சுடர் ஒரே இடத்தைச் சுட்டால் வார்ப்பிரும்பு விலா விண்டுவிடும். நாலைந்து முறை சூடும் குளிரும் மாறி மாறி வந்தால், துரு அடுக்கு பொடிப்பொடியாக விரிசல் விடும். ஆறும்போது ஊற்றும் எண்ணெய் அந்த விரிசல்களில் இறங்கும். எனக்கு இதில் முக்கியம் விரிவைவிட இந்த விரிசல்தான். பிரேக் கழுவும் ஸ்பிரேகளில் குளோரின் சேர்ந்தவை உண்டு. அவற்றைத் தெளித்த இடத்தில் தீயோ கடும் சூடோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சூடாக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது தள்ளும் வேலை. சுத்தியல் அடியைவிட நின்று அழுத்தும் விசை எனக்குப் பிடிக்கும். 20 மி.மீ. தடிமன் எஃகுத் தகடு ஒன்றை பேரலின் மேல்தளத்துக்கு ஏற்றபடி வெட்டி, ஹெட் போல்ட்டுகள் இறங்கும் அதே துளைகளில், ஒன்று விடாமல் எல்லா போல்ட்டுகளையும் போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் நடுவுக்கும் நேராகத் தகட்டில் மரை வெட்டி, ஒரு 16 மி.மீ. போல்ட்டை இறக்குங்கள். போல்ட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 68 அல்லது 69 மி.மீ. விட்டமுள்ள கெட்டிமர வட்டு. உங்கள் பிஸ்டனின் உச்சி குவிந்திருந்தால் வட்டின் அடியைக் குடைந்து, அழுத்தம் விளிம்பை ஒட்டி விழும்படி செய்யுங்கள். உச்சியின் நடுப்பகுதி மெல்லியது. அங்கே அழுத்தினால் பிளந்து உள்ளே போகும். நீங்கள் ஏற்கெனவே அடித்திருக்கிறீர்களே, அந்த இடத்தில் நட்சத்திர விரிசல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒரு சாண் நீள ஸ்பானர் போதும். அதைக் கை பலத்தால் திருகினாலே போல்ட்டின் முனையில் ஒரு டன் அளவுக்கு அழுத்தம் வரும். இடது போல்ட்டை இறுக்குங்கள். வலதை பிஸ்டன் தொடும் அளவுக்கு மட்டும் பின்தொடர விடுங்கள். இறுக்கிவிட்டு, கட்டைமேல் விழும் அடிபோலத் தகட்டின்மேல் இரண்டு மூன்று கூர்மையான தட்டுகள். ஒரு கிலோ சுத்தியல், மணிக்கட்டின் அசைவு மட்டும். அந்த அதிர்வில்தான் எண்ணெய் நுழையும். பிறகு எழுந்து போய்விடுங்கள். மறுநாள் காலை கால் சுற்று. கிராங்க் சுழல்கிறது என்று முன்பே உறுதிசெய்துவிட்டதால், இந்த ஒரு டன்னும் பிஸ்டனுக்கும் பேரலுக்கும் இடையில்தான் நடக்கிறது. ராடுக்குப் போவது கிராங்கைச் சுழற்றத் தேவையான சொற்ப விசை மட்டும்.

நகர்ந்ததா என்பதைக் காதால் முடிவுசெய்யாதீர்கள். தகட்டை மாட்டும் முன் பேரல் விளிம்பிலிருந்து பிஸ்டன் விளிம்பு வரை நான்கு திசைகளில் ஆழம் அளந்து குறித்துவையுங்கள். கிராங்க் நட்டிலும் கேஸிலும் ஒரே நேர்க்கோட்டில் கீறல் போட்டுவையுங்கள். அந்தக் கீறல்கள் ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். விலகிய நிமிடம் போல்ட்டைத் தளர்த்துங்கள். என்னிடம் பழகும் பையன்கள் தவறுவது இங்கேதான், 2 மி.மீ. நகர்ந்ததும் சந்தோஷத்தில் தொடர்ந்து தள்ளிவிடுவார்கள். உடைந்த துருத்தூள் ரிங்குகளின் முன்னால் சேர்ந்து ஆப்புபோல இறுகும். இரண்டாம் முறை இறுகினால் முதலாவதைவிடக் கெட்டி. மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போவோமே, அதே கை இங்கும் வேண்டும். கிராங்க் நட்டில் குட்டை ஸ்பானரால் மெல்லப் பின்னுக்குத் திருப்புங்கள். வராவிட்டால் பேரலின் அடி நட்டுகளைத் தளர்த்தாமல் எண்ணெய் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். நான்கு ஆழங்களையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால் பிஸ்டன் சாய்கிறது. வட்டை இறங்காத பக்கத்துக்குக் கொஞ்சம் நகர்த்துங்கள். இப்படி 45 மி.மீ. வரை இறக்கியதும் தகட்டைக் கழற்றிவிடுங்கள். அதற்குக் கீழே போகப் போக கிராங்க் அடி நிலையை நெருங்கும். மேலிருந்து அழுத்துவது மறுபடியும் பேரிங்கை அடிப்பதாக முடியும். மிச்சத்தை நட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே சுற்றலாம்.

நீளக் குழாய் நண்பருக்கு என் பதில் சுருக்கம்: வேண்டாம். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் ஓர் ஆள் தொங்கினால் அந்த முறுக்கு முழுவதும் கிராங்க் முனையின் மெல்லிய மரையிலும், ஸ்ப்ராக்கெட்டை நிறுத்தும் சின்னஞ்சிறு கீயிலும் வந்து நிற்கும். அழுத்திப் பொருத்திய கிராங்க் உள்ள ஒற்றைச் சிலிண்டர்களில் இதே வேலையைச் செய்தால் இரண்டு ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று முறுகிவிடும்.

கிரீஸ் கன் முறையையும் யாராவது சொல்வார்கள். ஹெட்டை மாட்டி, பிளக் துளையில் நிப்பிள் பொருத்தி, சிலிண்டரை கிரீஸால் நிரப்பித் தள்ளுவது. உச்சி முழுவதும் ஒரே சீராக அழுத்தம் விழும் என்பதால் அது நல்ல முறைதான். காற்றழுத்தம்போல வெடிக்கவும் செய்யாது. ஆனால் 71 மி.மீ. பிஸ்டனின் பரப்பு கிட்டத்தட்ட 40 சதுர செ.மீ. கையால் அடிக்கும் கிரீஸ் கன் 50 பார் அழுத்தத்தை மூச்சு வாங்காமல் கொடுக்கும். அப்போதே இரண்டு டன். இன்னும் அடித்தால் அது எங்கே போகும் என்று கிரீஸ் கன்னுக்குத் தெரியாது. ஹெட் இன்னும் கழற்றாத என்ஜின் என்றால் புஷ்ராடுகளை எடுத்து வால்வுகளை மூடவைத்துவிட்டு, கவனத்தோடு அதைச் செய்வேன். நீங்கள் கழற்றிவிட்டீர்கள், தகடே போதும்.

இரண்டு மாதமாகியும் அசையாவிட்டால் பிஸ்டனைப் பலிகொடுக்கும் நேரம் வந்துவிட்டது. இடது பிஸ்டனின் உச்சியில், சுவரிலிருந்து 7, 8 மி.மீ. உள்தள்ளி, வட்டமாக நெருக்கமாக 6 மி.மீ. துளைகள் போடுங்கள். வார்ப்பு அலுமினியம் வெண்ணெய்போல வழிவிடும். நடு வட்டு கழன்றதும், மிஞ்சிய வளையத்தை ரம்பத்தகட்டால் இரண்டு மூன்று இடங்களில் அறுத்து, மழுங்கிய உளியால் நடுவை நோக்கி மடக்குங்கள். சுவரை நோக்கி ஒரு போதும் அடிக்காதீர்கள். சீவல்கள் கேஸுக்குள் கொட்டும்; எப்படியும் கேஸைப் பிளந்து கழுவத்தான் போகிறீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து இரும்பை விட்டுவிடும் என்பதைக் கேள்விப்பட்டு அதை ஊற்ற யோசிக்கலாம். உங்கள் கிராங்க்கேஸும் அலுமினியம்தான். பிஸ்டனைத் தாண்டி ஒழுகியது அதையும் தின்னும்.

பிஸ்டன்கள் நன்றாக ஏறி இறங்கத் தொடங்கியதும் பேரலைத் தூக்கும்போது, ஸ்கர்ட் வெளியே வருவதற்கு முன் கேஸின் வாயைச் சுற்றிலும் துணியால் அடைத்துவிடுங்கள். ஒடிந்த ரிங் துண்டு ஒன்று உள்ளே விழுந்தால் தேடும் வேலை இன்னொரு நாள். ராடுகள் சாய்ந்து கேஸின் விளிம்பில் மோதாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பிஸ்டனை ராடோடு கோத்திருக்கும் பிஸ்டன் பின்னை எடுக்கச் சுத்தியல் வேண்டாம். அதைப் பூட்டியிருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைக் கழற்றி, கொதிநீரில் நனைத்த துணியை பிஸ்டனைச் சுற்றிப் போட்டுச் சூடேற்றினால், கட்டைவிரலாலோ ஒரு சின்னக் கட்டையாலோ தள்ளவே வந்துவிடும். இத்தனை நாள் காப்பாற்றிய ராடைக் கடைசி நிமிடத்தில் பக்கவாட்டு அடியால் வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராடு நேராக இருக்கிறதா என்று பின்னைச் செருகி, கேஸின் மேல்தளத்தில் ஒரே தடிமனுள்ள இரண்டு பட்டைகளை வைத்துப் பாருங்கள். பிஸ்டன் பின் இரண்டு பட்டைகளிலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், பட்டைக்கும் பின்னுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. இடது சுவரில் பிஸ்டன் நின்ற இடத்தில் வளையமாகக் குழிகள் இருக்கும். அந்த அச்சு விரல் நகத்தில் தட்டினால் ரிங் மட்டும் மாற்றி ஓட்டுவது வீண். ரீபோர் வழக்கமாக 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர், போதாவிட்டால் 0.040. வலது சுத்தமாக இருந்தாலும் இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி, ஒரே எடையுள்ள ஜோடியைப் போடுங்கள். இந்த வகை இரட்டைகள் பலவற்றில் கிராங்கின் உள்ளேயே கசடு தேங்கும் குழாய் ஒன்று உண்டு. அதன் மூடியைத் திறந்து சுத்தம் செய்யாமல் புது பிஸ்டன் போட்டால், ராடு பேரிங்குக்குப் போகும் எண்ணெய் வழியிலேயே நின்றுவிடும்.

பேரலை ரீபோருக்கு அனுப்பச் சில நாள் ஆகும் என்றால், கழற்றிய அன்றிரவே உட்சுவர் முழுக்க எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றிவையுங்கள். எமரி தேய்த்துத் துடைத்துவைத்த இரும்பு விடிவதற்குள் சிவந்துவிடும்.